மருந்து என்னும் சொல்

(பாலவாக்கத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டுகளாகச் சொற்களைப் பற்றியே பேசி வந்த வட்டம் இது. விழா உரையும் ஒரு சொல்லைப் பற்றியதாக இருப்பதே முறை. அச்சொல் அரிய சொல்லன்று. அகராதியைப் புரட்டித் தேட வேண்டியதுமன்று. பாலவாக்கத்தின் மளிகைக் கடைகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொல். 'எறும்பு மருந்து இருக்கிறதா?', 'எலி மருந்து ஒன்று கொடுங்கள்', 'கொசு மருந்து தீர்ந்துவிட்டது'. இவ்வாறு கேட்டு வாங்கியவரே நான்கு கடை தள்ளி மருந்துக் கடையில் நின்று, குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கேட்கிறார். இரண்டு கடைகளிலும் ஒரே சொல். ஒன்று உயிரைக் காப்பதற்கு, மற்றொன்று உயிரைப் போக்குவதற்கு. கேட்பவரும் குழம்புவதில்லை, கொடுப்பவரும் குழம்புவதில்லை.

குழப்பமில்லாத இடத்தில் ஆராய்ச்சி எதற்கு என்று வினவலாம். நகரத்தை விட்டு வயல்கள் தொடங்கும் இடத்துக்குச் சென்றால் விடை கிடைக்கும். அங்கே 'மருந்தடித்தல்' ஒரு தொழில். 'மருந்தடிக்கிற ஆள்' ஒரு கூலி வகை. 'மருந்து குடித்துவிட்டான்' என்பது ஒரு மரணச் செய்தி. நோயுற்றவன் மருந்து குடித்துப் பிழைத்தான் என்னும் பொருளில் அத்தொடரை எந்தச் சிற்றூரிலும் இன்று சொல்ல இயலாது. ஒரு மொழியின் மிக நல்ல சொற்களுள் ஒன்று, தன் பொருளுக்கு நேர்மாறான பொருளில் அன்றாட வழக்கேறிவிட்டது. இதனைத் தமிழறிஞர் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பூச்சிகொல்லி என்பதா, பூச்சிக்கொல்லி என்பதா, இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகுமா என்று வாதிட்டவர்கள் உண்டு. புட்டிக்குள் இருப்பது என்ன என்று வாதிட்டவர்கள் குறைவு. (இவ்வுரையில் வழக்கு நோக்கிப் 'பூச்சிக்கொல்லி' என்றே சொல்லப்படும். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.)

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. சுடுகாட்டை நன்காடு என்பதும், செத்தாரைத் துஞ்சினார் என்பதும், கருநிற ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலம். நஞ்சுடைய பாம்பை நல்ல பாம்பு என்பதையும் இவ்வகையில் அடக்குவர். நஞ்சை மருந்து என்பதும் இத்தகைய மங்கல வழக்குத்தானா? மேலோட்டமாக நோக்கின் அப்படித்தான் தோன்றும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சுடுகாட்டை நன்காடு என்பவன் அது சுடுகாடு என்பதை மறப்பதில்லை. மறக்க இயலாத அச்சமே அச்சொல்லைப் பிறப்பிக்கிறது. நல்ல பாம்பு என்று சொன்ன வாயோடு அதன் அருகில் எவரும் செல்வதில்லை. மருந்து என்னும் பெயரோ அச்சத்திலிருந்து பிறக்கவில்லை. அது அச்சத்தைப் போக்கியது. மங்கல வழக்கு அஞ்சுவோர் மொழி என்றால், இது வேறு எதுவோ.

பழைய வழக்கிலும் இச்சொல்லுக்கு இருள்பக்கம் ஒன்று இருந்தது. உணவில் கலந்து ஒருவரை வசப்படுத்தவோ கெடுக்கவோ தருவதை 'மருந்து வைத்தல்' என்றும் 'இடுமருந்து' என்றும் மக்கள் சொல்லினர். துப்பாக்கிக்கு இடுவது 'வெடிமருந்து' ஆயிற்று. இவற்றிலிருந்து, இடித்தும் கலந்தும் ஆக்கப்பெறும் எப்பொடிக்கும் மருந்து என்னும் பெயர் பொருந்தியது என்று கருதலாம். ஆனால் இடுமருந்தை எவரும் கடையில் விலைச்சீட்டோடு வாங்கியதில்லை, மானியத்தில் பெற்றதுமில்லை. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, அளவறிந்து உண்பதையே அதில் பெரிதும் பேசினார். பொதுவழக்கில் மருந்தின் முதற்பொருள் அதுவே. அதன்மேல் புதிய பொருள் எப்போது ஏறிற்று?

பெரும்பாலும் டி.டி.டி.யோடு ஏறியிருக்க வேண்டும். அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த சுவிட்சர்லாந்து வேதியியலார் பால் முல்லருக்கு 1948ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. வேதியியலுக்கான பரிசன்று, மருத்துவத்துக்கான பரிசு. நஞ்சு மருந்தென உலகறிய முடிசூட்டப்பெற்ற நாள் அது எனலாம். இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து சுவர்களில் டி.டி.டி. தெளித்தனர். காய்ச்சலைப் போக்க அரசு அனுப்பியதை மக்கள் வேறு எப்பெயரால் அழைத்திருக்க முடியும்? கொசு ஒழிந்த அளவுக்குக் காய்ச்சலும் ஒழிந்தது. அந்த நன்றியுணர்வில் பெயர் நிலைத்திருக்கும். பின்னர், அறுபதுகளின் பிற்பகுதியில், புதிய நெல் வகைகளோடும் உரத்தோடும் வயலுக்கு வந்த புட்டிகள் அப்பெயரை அப்படியே மரபுரிமையாகப் பெற்றுக்கொண்டன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்தி பேசும் உழவர் அதனைத் 'தவாயி' என்கிறார். மருந்து என்பதே அதன் பொருள். மலையாளத்திலும் 'மருந்நு'தான். சிங்களத்தில் 'பெஹெத்', இந்தோனேசிய மொழியில் 'ஓபாத்', வியட்நாம் மொழியில் 'துவோக்', எல்லாம் மருந்தே. சீனரும் சப்பானியரும் 'உழவு மருந்து' என்னும் பொருள்பட எழுதுகின்றனர். ஆங்கிலமோ இலத்தீன் வேரிலிருந்து 'கொல்லுதல்' என்னும் பொருளை எடுத்து ஒட்டிக்கொண்டது. உருவாக்கி விற்ற நாடுகளின் மொழியில் அது கொல்வது. வாங்கித் தெளித்த நாடுகளின் மொழியில் அது குணப்படுத்துவது. இதனைச் சூழ்ச்சி என்று சொல்லிவிட இயலாது. எவரும் கூடிப் பேசி இப்பெயரைச் சூட்டவில்லை. எனினும் விற்பனைக்கு இதைவிட வாய்ப்பான பெயரை எந்த விளம்பர நிறுவனமும் கண்டுபிடித்திருக்காது.

இனி, மற்றொரு சொல். 'பாலிடால்'. பாராத்தியான் என்னும் நஞ்சுக்கு ஒரு செருமானிய நிறுவனம் இட்ட வணிகப் பெயர் அது. ஐம்பது, அறுபது வயதைக் கடந்த தமிழர் எவருக்கும் இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. திரைப்படங்களிலும் தொடர்கதைகளிலும், சண்டையின் இறுதியில் எறியப்படும் மிரட்டலாக அது புழங்கிற்று. அந்தப் பெயர் இந்திய வரலாற்றில் நுழைந்த நிகழ்ச்சியோ தற்கொலை அன்று. 1958ஆம் ஆண்டு, உணவுப் பொருள்களோடு சேர்த்து ஏற்றிவரப்பட்ட பாலிடால் கசிந்து அவற்றில் கலந்தது. அதை உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மடிந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். அன்றைய சென்னை மாநிலத்திலும் பாதிப்பு இருந்தது. அதனால்தான் நீதிபதி சே.சி. ஷா தலைமையில் அமைந்த விசாரணை ஆணையத்தின் பெயரிலேயே கேரளமும் சென்னையும் இடம்பெற்றன. சோறு தின்னச் சென்றவர்கள் நஞ்சு தின்று இறந்த அந்நிகழ்ச்சிக்குப் பின், நாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்பது உணரப்பட்டது.

உணரப்பட்டதே தவிர உடனே வந்துவிடவில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1968இல். அதற்குரிய விதிகள் வந்தது 1971இல். இடையில் பதின்மூன்று ஆண்டுகள். பசுமைப் புரட்சியின் தொடக்க ஆண்டுகளும் அவையே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வேலி கட்டப்படுவதற்கு முன்பே மாடுகள் உள்ளே வந்துவிட்டன.

அந்த 1971ஆம் ஆண்டு விதிகளை ஓர் இலக்கிய மாணவர் படிப்பது பயனுடையது. ஏனெனில் அவை பெரிதும் ஒரு பனுவலைப் பற்றியவை. புட்டியின்மேல் ஒட்டப்படும் சீட்டு என்னும் பனுவலை. சீட்டில் சாய்சதுரம் ஒன்று இருக்க வேண்டும். அதன் பரப்பு, சீட்டின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. அதனை இரு முக்கோணங்களாகப் பகுத்து, மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல்லும் கீழ்ப்பாதியில் நிறமும் இட வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதனினும் ஒரு படி குறைந்தது, நீலம் நடுத்தரம், பச்சை சிறிதளவு நஞ்சு. சிவப்புக்கு மட்டும் மண்டையோடும் எலும்பும் உண்டு. இந்தியிலும் ஆங்கிலத்திலும், விற்பனையாகும் பகுதியின் ஓரிரு மொழிகளிலும் சீட்டு அச்சிடப்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: 'பாதுகாப்பானது', 'நஞ்சற்றது', 'தீங்கற்றது' என்பன போன்ற சொற்களைச் சீட்டில் எழுதவே கூடாது, 'சொன்னபடி பயன்படுத்தினால்' என்று அடைகொடுத்தும் எழுதக் கூடாது.

இவ்விதியை எழுதியவர் யாராயினும் சொல்லின் ஆற்றலை அறிந்தவர். ஓர் அடைமொழி ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விதி சீட்டோடு நின்றுவிடுகிறது. சீட்டில் 'தீங்கற்றது' என்று எழுதினால் குற்றம். அதையே கடைத்திண்ணையில் 'மருந்து' என்றால் குற்றமில்லை. மருந்து என்னும் ஒரு சொல்லில், விலக்கப்பட்ட அத்தனை சொற்களும் அடங்கிவிடுகின்றன.

நிறங்களை எண்ணிப் பாருங்கள். பச்சை தமிழருக்கு விளைச்சலின் நிறம். சிவப்பும் மஞ்சளும் குங்குமமும் மஞ்சளுமாக மங்கலத்தின் நிறங்கள். நீலம் எந்த எச்சரிக்கையையும் தருவதில்லை; தருவதாயின், ஆலமுண்டவன் கண்டத்தை நினைந்து அதுவே எல்லாவற்றினும் கொடியது என்று ஒருவர் கொண்டாலும் வியப்பில்லை. அளவைச் சீட்டு எக்டேருக்கு இத்தனை மில்லிலிட்டர் என்கிறது. உழவரோ ஏக்கரிலும் காணியிலும் குழியிலும் நினைக்கிறார். தெளிப்பவர் அதுகூட இல்லை; 'டேங்குக்கு இரண்டு மூடி' என்பதே அவர் வாய்பாடு. மூடி என்பது அந்தப் புட்டியின் மூடியேதான். எக்டேரிலிருந்து மூடிக்கு மொழிபெயர்ப்பவர் யார்? கடைக்காரர்.

அவரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அவரை வில்லனாக்குவது எளிது, ஆனால் நேர்மையாகாது. இலை சுருண்டிருக்கிறது, குருத்து காய்கிறது என்று உழவர் வந்து நிற்கிறார். சில வேளை வாடிய இலையையும் கையோடு கொண்டு வருகிறார். கடைக்காரர் அதைப் பார்த்து ஒரு புட்டியை எடுத்துத் தருகிறார். 'இதோடு அதையும் கலந்து அடியுங்கள்' என்கிறார். நாடி பார்ப்பவரும் அவரே, மருந்து எழுதுபவரும் அவரே, விற்பவரும் அவரே. மருந்து என்ற பெயர் வந்துவிட்ட பின், மருத்துவர் என்ற இடம் வெற்றிடமாக இருக்க முடியாதல்லவா? அந்த இடத்தில் அவர் அமர்ந்துவிட்டார். ஐதராபாத்திலுள்ள 'மேனேஜ்' என்னும் வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், இடுபொருள் விற்பவர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பை 2003இல் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆயினும் படித்தவரானாலும் படியாதவரானாலும் அவருக்கு ஊதியம் வருவது விற்பதிலிருந்துதானே ஒழிய, 'இந்தப் பூச்சிக்கு எதுவும் தேவையில்லை, நாலு நாள் பொறுங்கள்' என்று சொல்லி அனுப்புவதிலிருந்து வருவதில்லை.

அந்த நாலு நாள் பொறுமையின் மதிப்பை நெல் வயல் காட்டியிருக்கிறது. புகையான் என்று தமிழுழவர் அழகாகப் பெயரிட்ட தத்துப்பூச்சி, நஞ்சு தெளிக்கத் தெளிக்கப் பெருகிற்று. காரணம், அதைத் தின்று வாழ்ந்த சிலந்திகள் முதலில் இறந்தன. இந்தோனேசிய அரசு இதனை உணர்ந்து 1986இல் நெற்பயிருக்குப் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் விலக்கியது. 'பூச்சிக்கொல்லி' என்னும் திருத்தமான தமிழ்ச்சொல்லும் இங்கே பிழையாகிறது. அது பூச்சியை மட்டும் கொல்வதுபோல் ஒரு மயக்கம் தருகிறது. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலார், தமிழில் 'மௌன வசந்தம்' என அறியப்படும் தம் நூலை 1962இல் வெளியிட்டபோது, இவற்றை உயிர்க்கொல்லிகள் என்னும் பொருள்பட அழைப்பதே தகும் என்று வாதிட்டார். கடல் உயிரியல் படித்த அவர் நூலின் தொடக்கப் பகுதியிலேயே பெயரைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டார் என்பது, சொல்லாராய்ச்சி சிறு வேலையென்று எண்ணுவோர் அறியத்தக்கது.

கொல்லப்பட்ட உயிர்களின் கணக்கு நீளமானது. இங்கே சில மட்டும். 1984 திசம்பரில் போபாலில் கசிந்த நச்சுவளி, செவின் என்னும் பூச்சிக்கொல்லியைச் செய்வதற்காக வைக்கப்பட்டிருந்தது. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக்கழகத்தின் முந்திரிக் காடுகளின்மேல் எழுபதுகளின் பிற்பகுதி முதல் 2000ஆம் ஆண்டு வரை எலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பொழியப்பட்டது. கீழே வீடுகளும் கிணறுகளும் பள்ளிகளும் இருந்தன. உச்ச நீதிமன்றம் அதனைத் தடைசெய்தது 2011 மே மாதத்தில். பீகாரின் கண்டாமன் சிற்றூர்ப் பள்ளியில் 2013 சூலையில் நண்பகல் உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் ஆய்வில் வெளிப்பட்டது. 2017இல் மராட்டியத்தின் யவத்மாலில் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே ஆண்டு தமிழ்நாட்டின் பெரம்பலூரிலும் பருத்திக் காட்டில் தெளித்தவர்கள் மருத்துவமனைகளில் சேர்ந்தனர், சிலர் மீளவில்லை. பருத்திச்செடி அவ்வாண்டு ஆளுயரம் வளர்ந்திருந்தது என்றும் தெளித்தது முகத்திலேயே படிந்தது என்றும் சொன்னார்கள்.

கையுறை அணியவில்லை, முகமூடி அணியவில்லை என்று இறந்தவர்மேலேயே குற்றம் சுமத்தப்படுவது ஒவ்வொரு முறையும் நடக்கும். சித்திரை வெயிலில் இரப்பர் அங்கியும் காலணியும் முகக்கவசமும் பூண்டு, பதினாறு லிட்டர் தொட்டியை முதுகில் சுமந்து நடக்கச் சொல்பவர், ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1985இல் வகுத்த நடத்தை நெறி இதனை ஒப்புக்கொண்டது. அணிவதற்குத் தொல்லையான, விலைமிக்க, எளிதிற் கிடைக்காத காப்புடை தேவைப்படும் நஞ்சுகளை, வெப்ப நாடுகளின் சிறு உழவர்களிடம் விடுவதையே தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதாவது, மனிதனுக்கு உறை மாட்டுவது அல்ல, நஞ்சையே எடுத்துவிடுவது. அந்நெறிக்குச் சட்டத்தின் வலிமை இல்லை; அரசுகளின் நல்லெண்ணத்தை நம்பியிருப்பது அது.

நல்லெண்ணம் இருந்தாலும் போதாது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. தற்கொலைகளைக் குறைக்கும் நோக்குடன், மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட், புரோபெனோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழக அரசு 2022–23இல் தடைசெய்தது. எத்தனை காலத்துக்கு? 60 நாள். அரசுக்கு மனமில்லை என்பதன்று. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநிலத்துக்குத் தந்திருக்கும் அதிகாரம் அவ்வளவே. 60 நாள், விசாரணை முடியவில்லையெனில் மேலும் 30 நாள். ஒரு நெற்பயிரின் வாழ்நாளைவிடக் குறைந்த காலம். நிலையாக விலக்கும் உரிமை தில்லியில் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸின் 36 விழுக்காட்டுக் கரைசலை விலக்கும் ஆணையை மைய அரசு 2023இல்தான் பிறப்பித்தது. கண்டாமன் குழந்தைகள் இறந்து பத்தாண்டுகள் கழித்து. பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதாக்கள் 2008இலும் 2020இலும் மாநிலங்களவையில் வைக்கப்பட்டன. இரண்டும் சட்டமாகவில்லை.

கடலுக்கு அப்பால் கதை வேறு விதமாக நடந்தது. இலங்கையில் 1995ஆம் ஆண்டு இலட்சம் பேருக்கு 47 பேர் என்னும் அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. நஞ்சுண்டவர்களே பெரும்பாலோர். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகம், கொடுமை வரிசையில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விலக்கிற்று. மோனோகுரோட்டோபாசும் மெத்தமிடோபாசும் 1995இல், எண்டோசல்பான் 1998இல், வேறு மூன்று 2008க்குப் பின் படிப்படியாக. 2005ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று, பின்னும் குறைந்தது. நெல் விளைச்சல் வீழவில்லை. (2021இல் உரத்தையும் நஞ்சையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு அல்லற்பட்டது வேறு கதை, இரண்டையும் சேர்த்துப் பேசுவோர் வேண்டுமென்றே பேசுகிறார்கள்.)

அந்த இருபதாண்டுகளில் இலங்கையில் சண்டைகள் குறைந்துவிடவில்லை, போரே நடந்துகொண்டிருந்தது. கடனும் குறையவில்லை, காதல் தோல்வியும் குறையவில்லை. சினத்தில் நஞ்சை எடுத்தவர்களும் குறைந்துவிடவில்லை. ஆனால் எடுத்தவர்களுள் பிழைத்தவர்கள் பெருகினர். ஏனெனில் வீட்டிலிருந்த புட்டி முன்னைய அளவுக்குக் கொடியதாக இல்லை. பிழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னர் இயல்பாக வாழ்ந்து முடித்தனர். 'சாக வேண்டும் என்று முடிவெடுத்தவனை யார் தடுக்க முடியும்' என்னும் பழமொழித்தனமான பேச்சு ஆயிரக்கணக்கான உயிர்களால் பொய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. கதைகளிலும் கவிதைகளிலும் அந்தப் பேச்சைத் தத்துவமாக்கி வருவோர் இதனை அறிதல் நன்று.

பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அதுவும் பார்க்கப்பட்டது. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பும் அதன் நிறுவனர் மருத்துவர் இலட்சுமி விசயகுமாரும், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஊர்ப் பொதுக் கிடங்கு அமைத்தனர். வங்கிப் பெட்டகம் போல ஒவ்வோர் உழவருக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு சாவி. ஒன்று உழவரிடம், மற்றொன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். அச்சிற்றூர்களில் பலன் தெரிந்தது. ஆனால் இலங்கையின் அனுராதபுரப் பகுதியில் 180 சிற்றூர்களில், வீட்டிலேயே வைத்துப் பூட்டும் பெட்டி தந்து பார்த்த பேராய்வு 2017இல் வெளியானபோது, அதனால் பலனில்லை என்றே தெரிந்தது. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் பூட்டு ஒரு சொல்லளவுக்கே நிற்கும் போலும்.

இங்கே ஒரு நேர்மையான தடையை எழுப்பியாக வேண்டும். இலங்கையில் பெயரை மாற்றவில்லையே? சிங்களவர் 'பெஹெத்' என்றே சொல்லினர். அங்குள்ள தமிழர் 'மருந்து' என்றும் 'பொலிடோல்' என்றும் சொல்லினர். அலுவல் வழக்கில் 'பீடைநாசினி', 'கிருமிநாசினி' என்றனர். (கிருமிநாசினி என்றால் சென்னையில் தரை துடைப்பது. பாக்கு நீரிணையைக் கடக்கும்போது ஒரே தமிழ்ச்சொல் நஞ்சாகவும் தூய்மையாகவும் மாறுகிறது.) பெயர் மாறாமலே உயிர்கள் காக்கப்பட்டன. ஆகவே சொல்லைத் திருத்தினால் சாவு நிற்கும் என்று இந்த மேடையிலிருந்து சொல்வது தமிழாசிரியர்களின் தற்பெருமையாகிவிடும். காத்தது சட்டம், அதைச் செயற்படுத்திய ஓர் அலுவலகம், நச்சு வார்டுகளில் எண்ணிக்கையைக் குறித்து வைத்த மருத்துவர்கள்.

அப்படியாயின் சொல் எங்கே வருகிறது? சட்டத்தைக் கேட்கும் இடத்தில் வருகிறது. மருந்தைத் தடைசெய்யுங்கள் என்று எவரும் கேட்பதில்லை. மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். மருந்து ஒவ்வாமல் இறந்தவனுக்காக மருந்துக் கடையை எவரும் குறைசொல்வதில்லை. அளவு மிஞ்சிவிட்டது என்பார்கள். பெரம்பலூரில் இறந்தவர் 'மருந்தடிக்கப் போய் மயங்கி விழுந்தார்'. நஞ்சூட்டப்பட்டார் என்று எந்த வாயும் சொல்லவில்லை. ஊட்டியவர் என்று ஒருவர் இல்லாத வாக்கியம் அது. எழுவாய் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை.

மாற்றுச் சொற்கள் பிறவாமலில்லை. கோ. நம்மாழ்வாரும் அவரோடு இயங்கிய இயற்கை உழவர்களும் வேம்பு, நொச்சி, ஆடாதொடை முதலியவற்றை ஊறவைத்துச் செய்யும் கரைசலைப் 'பூச்சிவிரட்டி' என்று சொல்லிப் பரப்பினர். கொல்வதை விட்டு விரட்டுவதைத் தேர்ந்த அந்தச் சொல் இன்று சிற்றூர்களில் இயல்பாகப் புழங்குகிறது. எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் அதை ஆக்கித் தரவில்லை. நஞ்சை நஞ்சென்று சொல்லும் பழக்கமும் அவர்களிடையே உண்டு. 'நஞ்சில்லா உணவு' என்னும் தொடர் அங்கிருந்தே நகரத்து அங்காடிகளுக்கு வந்தது. விலைச்சீட்டில்தான் அது முதலில் இடம்பிடித்தது என்பது சற்று வருந்தத்தக்கது. கவிதையில் அது இன்னும் பெரிதாக இடம்பெறவில்லை. வயலைப் பாடும் கவிதைகளில் நாற்று இருக்கிறது, நாரை இருக்கிறது, களத்துமேடு இருக்கிறது. முதுகில் தொட்டியும் முகத்தில் ஈரத்துண்டுமாக வரப்பில் வரும் ஆளும், அவருக்குத் தண்ணீர் சுமந்து கலக்கிக் கொடுக்கும் பெண்ணும் எத்தனை கவிதைகளில் வந்திருக்கிறார்கள்?

இறுதியாக, இச்சொல் நேரடியாகவே உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு. அது அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இரவில் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். 'மருந்து குடித்துவிட்டார்' என்கிறார்கள். பணியிலிருக்கும் மருத்துவர் 'எந்த மருந்து?' என்கிறார். வயலுக்கு அடிக்கிற மருந்து என்று விடை வருகிறது. மருத்துவருக்கு வேண்டியது அதன் பெயர். கரிமப் பாஸ்பரஸ் வகையாயின் அட்ரோபின் தர வேண்டும். வேறு பல வகைகளுக்கு அது பயனற்றது. ஒருவருக்கு உடனே வைக்கும் பிராணவாயு இன்னொருவருக்குத் தீங்காகலாம். எலிப்பசையின் மஞ்சள் பாஸ்பரசாயின், ஓரிரு நாள் நலமாகவே பேசிக்கொண்டிருப்பார். 'ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்' என்று உறவினர் கேட்கும் அந்த நேரத்தில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மருத்துவர் மீண்டும் கேட்கிறார். பச்சைப் புட்டி என்கிறார் ஒருவர். வெள்ளை மூடி என்கிறார் மற்றொருவர். கடைக்காரருக்குத் தெரியும் என்கிறார் மூன்றாமவர். இளைஞர் ஒருவர் புட்டியைத் தேடி எடுத்துவர இருசக்கர வண்டியில் ஊருக்குத் திரும்புகிறார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. புட்டி கிடைக்கிறது. மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் மழைக்கும் வெயிலுக்கும் செருகியிருந்த புட்டி அது. சாய்சதுரத்தின் சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகியிருக்கிறது. அதன் கீழே மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்த பெயரில் இரண்டெழுத்து மிஞ்சியிருக்கின்றன.